முல்பாகல் மாந்தோப்பில் இரண்டு நாய்களும் ஒரு டெண்டும்

நாய்களோடு டெண்டில் தங்கப் போகிறோம் என்று சொன்னபோது தெரிந்தவர்கள் எல்லோரும் பகலைப் பற்றியே கேட்டார்கள். காரில் வாந்தி எடுக்காதா, வழியில் எங்கே சாப்பிடுவீர்கள், மூத்திரம் போக எத்தனை தடவை நிறுத்துவீர்கள். ராத்திரி என்ன செய்வீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போய்வந்த பிறகு சொல்கிறேன், பகல் தானாக ஓடிவிடும். நாயோடு வெளியில் தங்குவது முழுக்க ராத்திரி சமாச்சாரம். எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு பெரிய டெண்ட் என்று எதைக் கேட்டாலும், இருட்டிய பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். வீடு அல்சூரில், ஏரிக்கு நடந்தே போய்விடலாம். நான், மனைவி, மனைவியின் அம்மா. அப்புறம் அம்பு, பட்டாணி. அம்பு சிப்பிப்பாறை இன நாய். அத்தையின் சொந்தக்காரர் ஒருவர் சாத்தூர் பக்கத்திலிருந்து குட்டியாகக் கொடுத்தனுப்பினார். நீளக் கால், ஒட்டிய வயிறு, உடம்பில் கொழுப்பு மருந்துக்கும் கிடையாது. பட்டாணி அல்சூர் மார்க்கெட் சந்தில் பிறந்த தெருநாய். பழுப்பும் வெள்ளையும் கலந்தவள், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். அம்பு எதையும் கண்ணால் பார்த்துத்தான் நம்புவாள். பட்டாணிக்குக் காதும் மூக்கும் போதும். வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டெண்டுக்குள் தெரிந்தது.

(2005இல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டது. இராஜபாளையம் இருந்தது, முதோள் இருந்தது, ராம்பூரும் இமயமலை நாயும் இருந்தன. சிப்பிப்பாறை இல்லை. அத்தைக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.)

அத்தை வருவது முதலில் திட்டத்தில் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் நாய்களைக் கொண்டுபோய் போர்டிங்கில் விடுவது அவருக்குப் பிடிக்காது. "காசையும் குடுத்து கூண்டுலயும் போடணுமாக்கும்" என்பார். டெண்ட் பார்சலில் வந்து இறங்கியதும் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நாய்க்கு என்னத்துக்கு மாப்ளை டெண்டு? அது பாட்டுக்கு வெளிய கிடக்கும். டெண்டு நமக்குத்தான். நானும் வாறேன்" என்றார். கோவில்பட்டிக் கரிசலில் ஆட்டுக் கிடைகளைப் பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னதில் பாதி எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது.

பெங்களூரிலிருந்து வண்டியை எடுத்தால் தெற்கிலும் மேற்கிலும் சில மணி நேரத்தில் காடு வந்துவிடும். நாயோடு போகிறவர் அந்த வரைபடத்தில் பாதியை முதலிலேயே அடித்துவிட வேண்டும். பந்திப்பூர், நாகரஹொளெ, பிளிகிரி ரங்கன மலை, காவிரிச் சரணாலயம் எதிலும் வீட்டு நாய்க்கு அனுமதி கிடையாது. "என் நாய் ரொம்ப சாது சார், ஒன்றும் செய்யாது" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதுவான நாயும் மூச்சு விடும், மூக்கு ஒழுகும், மலம் கழிக்கும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் கண்டுபிடிக்கப்பட்ட டிஸ்டெம்பர், நம் நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் கூட்டிப்போக மாட்டேன்.

காட்டுக்கு வெளியே என்றாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் சிறுத்தை காட்டோடு நிற்பதில்லை. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். சுற்றிலும் கரும்பும் வயலும் உள்ள, ஜனங்கள் வாழ்கிற இடம். அங்கே சிறுத்தைகள் அதிகம் தின்றது ஆட்டையோ மாட்டையோ அல்ல, நாயைத்தான். ராமநகரம், சாவனதுர்கா, கனகபுரா என்று வார இறுதிக்கு நம்மவர்கள் கூட்டமாகப் போகிற பாறைக் குன்றுகள் பூராவும் சிறுத்தை நடமாடும் இடம். அங்கே திறந்தவெளியில் டெண்ட் போட்டு, வெளியே முளையடித்து நாயைக் கட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படமும் போடுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அலுவலகத்தில் பாதிப் பேர் சக்லேஷ்பூர் சொன்னார்கள். காபித் தோட்டம், பனி, ஓடை. ஆனால் ஹாசன் மாவட்டத்தில் ஆலூரிலும் சக்லேஷ்பூரிலும் காபித் தோட்டத்துக்குள்ளேயே யானைக் கூட்டம் திரிகிறது. மைசூர் தசராவில் அம்பாரி சுமந்த யானை அர்ஜுனா 2023 டிசம்பரில் செத்தது சக்லேஷ்பூர் தாலுகாவில்தான், காட்டு யானை ஒன்றைப் பிடிக்கப் போன இடத்தில். நாய் யானையைக் கண்டால் குரைத்துக்கொண்டு ஓடும். யானை திரும்பித் துரத்தும். நாய் அப்போது எங்கே ஓடிவரும்? நம்மிடம்தான். போதாததற்குக் காபிக்கொட்டை நாய்க்கு விஷம், கஃபீன் அதற்கு ஆகாது. சிவமொக்கா பக்கமும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 1957இல் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல், உண்ணி கடித்துப் பரவுவது, டிசம்பர் முதல் மே வரைதான் அங்கே அதிகம். நாங்கள் போக நினைத்ததோ டிசம்பர். நாயின் உடம்பில் ஏறிக்கொண்டு எத்தனை உண்ணி டெண்டுக்குள் வரும் என்று யோசித்தாலே போதும்.

டிசம்பரை விடவும் மனமில்லை. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். சூடு தணிய வேண்டுமென்றால் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்க வேண்டும். மார்ச்சுக்கு மேல் துணி டெண்டுக்குள் பகலில் நாயைப் படுக்கச் சொல்வது கொடுமை.

எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியது கிழக்கு. கோலார், முல்பாகல், சீனிவாசபுரம். அழகான இடம் என்று யாரும் அந்தப் பக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். உருண்டைப் பாறை, தக்காளி, மாந்தோப்பு, மழை இல்லாத ஆண்டுகளில் வெறும் செம்மண். எனக்கு அந்த நிலம் பிடிக்கும். தங்கவயலில் எங்கள் பெரியப்பா வேலை பார்த்தார். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். கோலாரம்மா கோயில் சுவரில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதை எனக்குக் காட்டியதும் பெரியப்பாதான்.

மனைவியோடு வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு முல்பாகலுக்கும் சீனிவாசபுரத்துக்கும் நடுவே ஒரு மாந்தோப்பு இருந்தது. சுற்றிலும் கம்பிவலை வேலி, உள்ளேயே காவல்காரர் குடும்பத்தின் வீடு. போனில் நான் கேட்ட கேள்விகளுக்கு அந்தத் தோட்டக்காரர் கொஞ்சம் திகைத்திருப்பார். கழிப்பறை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எலி மருந்து எங்கே வைக்கிறீர்கள்? வேலியில் கரண்ட் ஓடுகிறதா? பக்கத்து நிலத்தில் பன்றிக்கு அவுட்டுக்காய் வைப்பார்களா? கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா? தோட்டத்து நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறதா? தீனிக்குள் வெடிமருந்து வைத்துக் கட்டும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து செத்த ஊர்நாய்கள் எத்தனையோ. காட்டுப்பன்றி வருகிற எந்த விவசாய ஊரிலும் இதைக் கேட்காமல் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. தோட்டக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். பாழுங்கிணறு ஒன்று உண்டு, முள் அடைத்திருக்கிறது என்றார். எலி மருந்தை நாங்கள் வரும் வாரம் எடுத்துவிடுவதாகச் சொன்னார், எடுத்தும் வைத்திருந்தார்.

இதற்கிடையில் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. சிமெண்ட் தரையில் முளை இறங்காது என்பதால் நாலு மூலையிலும் இருபது லிட்டர் தண்ணி கேன். டெண்டை நேரே நிமிர்த்தி நாயை உள்ளே தள்ளினால் அது ஜென்மத்துக்கும் உள்ளே வராது. முதலில் விரித்துப் போட்டு, அதன் மேல் சோற்றுத் தட்டு. அப்புறம் பாதி நிமிர்த்தி, அப்புறம் முழுதாக. அம்புவுக்கு எதுவும் பிரச்சினை இல்லை, பாய் விரித்தால் படுக்கிறவள். பட்டாணி ஜிப் சத்தத்துக்கு மிரண்டாள். சரக் என்று இழுத்த மாத்திரத்தில் மாடிப்படிக்கு ஓட்டம். அத்தைதான் தினமும் சாயங்காலம் காபிக்குப் பிறகு உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஜிப்பை ஒரு விரற்கடை இழுப்பதும் ஒரு துண்டு கருவாடு கொடுப்பதுமாக அவளை வழிக்குக் கொண்டுவந்தார். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நின்று பார்த்தார்கள், கடைசியில் எப்போது கிளம்புகிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

டெண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நாலு பேர் டெண்ட் என்று எழுதியிருந்தால் அது மூட்டைமுடிச்சு இல்லாத நாலு ஒல்லி மனிதர்களுக்கு. நாங்கள் மூன்று பேர், நாய் இரண்டு. ஆறு பேர் டெண்ட் வாங்கினோம், சரியாக இருந்தது. அடித்தரை சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையோடு ஊர்ந்து வருகிற பாம்பு, தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. தைத்த தரையும் மூடிய ஜிப்பும் இருந்தால் அது உள்ளே வராது. நாயின் நகத்தை இரண்டு நாள் முன்னாலேயே வெட்டிவிடுங்கள். அப்படியும் தரைத்துணி மேல் ஒரு பழைய ஜமக்காளத்தை விரியுங்கள், நாய் படுப்பதற்கு முன் பிறாண்டிச் சுற்றுமே, அதைத் தாங்கும்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய மெட்ராஸ் ரோடு எங்கள் வாசலிலேயே தொடங்குகிறது என்று சொல்லலாம். விடிவதற்குள் டின் ஃபாக்டரியையும் கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தையும் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாய்களுக்கு முந்தின ராத்திரியோடு சாப்பாடு நிறுத்தம், வெறும் வயிற்றில் வந்தால் குமட்டல் குறைவு. இரண்டுக்கும் மார்பு வார் மாட்டி சீட் பெல்ட்டோடு இணைத்திருந்தோம். ஹொஸ்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு பிரியாணிக்கு வரிசை நிற்குமே, அந்த வாசனை ஜன்னல் இடுக்கில் வந்ததும் பட்டாணி அழுதே விட்டாள். மனைவிதான் ஓட்டினாள், நிறுத்தவில்லை. வெங்காயமும் வேகவைத்த எலும்பும் நாய்க்கு ஆகாது என்பது பட்டாணிக்கு எங்கே தெரியும்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினோம். தோட்டத்தில் இரண்டு நாய்கள். அவர்கள் எல்லைக்குள் நம் நாய் காரிலிருந்து குதித்தால் சண்டைதான். காவல்காரர் அவர்கள் நாய்களைக் கயிறு போட்டு வெளியே கூட்டிவந்தார். நாலு நாயும் நாலு கயிறுமாக மண்பாதையில் ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடந்தோம், யாரையும் யாரோடும் முகத்துக்கு முகம் விடாமல். திரும்பி வரும்போது ஒன்றின் பின்னால் ஒன்று மோந்துகொண்டு வந்தன. உள்ளே போனதும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

காவல்காரர் வீட்டில் தெலுங்கு. கொஞ்சம் கன்னடமும் பேசினார்கள், தமிழ் புரியும் ஆனால் வராது. என் கன்னடம் பெங்களூர்க் கடைக் கன்னடம். அத்தை கரிசல்காட்டுத் தெலுங்கை எடுத்துவிட்டார். அங்கே ஊருக்கு ஊர் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு, கூடப் படித்தவர்களிடம் பழகியது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பல தலைமுறையாகப் பேசிவந்த தெலுங்கைக் கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எங்களுக்கு மதியச் சாப்பாடு ராகிக் களியும் கீரைக் குழம்புமாக வந்து சேர்ந்தது.

தோட்டத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரி தெரிந்தது. அம்பு தண்ணீரைக் கண்டால் ஓடுவாள். விடவில்லை. கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றில் 2018 முதல் நிரம்புவது பெங்களூரின் கழிவுநீர், கோரமங்களா செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவது. நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது என்று விவசாயிகளில் பலர் சந்தோஷப்படுகிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. அல்சூரில் நாங்கள் கொட்டியது சுற்றிச் சுற்றி இங்கே வந்திருக்கலாம் என்று மனைவி சொன்னாள். ஆனால் நாய் குடிப்பதற்கு வேண்டாம். எந்தக் கிராமத்து ஏரியானாலும் எலிக் காய்ச்சல் பயம் உண்டு, எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவுவது. தடுப்பூசி போட்டிருந்தும் வீட்டுத் தண்ணீரைத்தான் கேனில் கொண்டுபோனோம். இருபது கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கணக்கு. புதுத் தண்ணீர் என்றால் குடிக்காமல் கிடக்கிற நாய்களும் உண்டு.

டெண்டை எங்கே போடுவது என்பதில் மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம். அவளுக்குத் தோப்பின் கோடியில், பாறை தெரிகிற இடம் வேண்டும். நான் காவல்காரர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்றேன். வேலி என்பது சிறுத்தைக்கு வேலி இல்லை, ஆள் நடமாட்டமும் விளக்கும்தான் கொஞ்சம் தடுக்கும். கடைசியில் வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே, காற்று வருகிற மேட்டில் போட்டோம். மரத்தடி வேண்டாம், பனி சொட்டும், காய்ந்த கிளையும் விழும். நாய்களுக்குக் கோழி போட்ட சோறு ஆறரை மணிக்கே. படுப்பதற்கு முன் எல்லாம் முடித்துவிட வேண்டும் அல்லவா. முடித்ததைக் குழி வெட்டி மூடினோம்.

ஒன்பதரைக்கு எல்லோரும் உள்ளே. அம்புவின் வாரிலிருந்து ஒரு கயிறு, கனமான பையோடு கட்டியது. பட்டாணிக்கும் அப்படியே. வெளியே கட்டுகிற பேச்சே இல்லை. அத்தைகூட இருட்டிய பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இணையத்தில் எழுதியிருப்பதெல்லாம் என்ன? வெளித்துணியை இறுக்க மூடு, நாய்க்கு ஒன்றும் தெரியாவிட்டால் அமைதியாகத் தூங்கும். மூடினோம்.

மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். நாய் 45,000 வரை கேட்கும். நாங்கள் படுத்த இடம் எங்களுக்கு நிசப்தம். நாய்களுக்கு அது முழுக்கச் சத்தம். சருகில் எலி. மேலே வௌவால். ஆந்தை ஒன்று கிழட்டுக் குரலில் சண்டை போட்டது, அது எங்களுக்கும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பட்டாணி தொண்டைக்குள் உறுமுவாள், அவள் உறுமியதற்காக அம்பு எழுந்து நிற்பாள், அம்பு நின்றால் டெண்டே ஆடும். தொலைவில் நரி ஊளையிட்டது. அதற்கு ஊர்நாய்கள் பதில் சொல்லின. அதற்குத் தோட்டத்து நாய்கள். அதற்குப் பட்டாணி. அம்பு குரைக்கிற ஜாதி இல்லை, ஆனால் அன்று குரைத்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் உச்சம். பக்கத்து நிலத்துக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கிற மோட்டார். கிர்ரென்று அது கிளம்பிய வேகத்தில் பட்டாணி அத்தை மேல் ஏறி, என் தலை மேல் மிதித்து, வலைக்கதவில் போய் மோதினாள். கயிறு இல்லாவிட்டால் வலையைக் கிழித்துக்கொண்டு போயிருப்பாள். மனைவி எழுந்து உட்கார்ந்து, காருக்குப் போய்விடலாமா என்றாள்.

அத்தை இருட்டிலேயே பேசினார். "அந்த வெளிக்கதவத் தொறந்து விடுங்க மாப்ளை. மூடி வச்சா அதுக்கு என்ன ஏதுன்னு எப்படித் தெரியும்? தெரியாட்டா கத்தத்தான் செய்யும். பாத்துச்சின்னா படுத்துக்கிடும்."

வெளித்துணியின் கதவைச் சுருட்டி மேலே கட்டினேன். கொசுவலைக் கதவு மட்டும் ஜிப் போட்டபடி. நிலா வெளிச்சம் இருந்தது. அம்பு வாசலுக்கு நேரே போய் உட்கார்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தோப்பு, காவல்காரர் வீட்டுத் திண்ணை, திண்ணையில் சுருண்ட தோட்டத்து நாய். பட்டாணிக்குக் காற்று வேண்டியிருந்தது போலிருக்கிறது, மூக்கை வலையில் வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆந்தையும் ஓயவில்லை. ஆனால் குரைப்பு நின்றுவிட்டது. அம்பு வாசலைப் பார்த்தபடி படுத்தாள். அவளுக்குப் பின்னால், அவள் முதுகை ஒட்டிப் பட்டாணி.

அப்போதுதான் அத்தை கிடைக் கதையைச் சொன்னார். அறுவடை முடிந்த காட்டில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போடுவார்கள். நூற்றுக்கணக்கில் ஆடு, இரண்டோ மூன்றோ ஆள், கூட நாய். ராத்திரி பூராவும் வெட்டவெளியில்தான். கிடைக்காரர் முதலில் படுக்க மாட்டாராம். நாய் எங்கே படுக்கிறது என்று பார்ப்பாராம். காற்றுக்கு எதிர் முகமாக, தடம் தெரிகிற மேட்டில் அது இடம் பிடித்த பிறகுதான் இவர் கம்பளியை விரிப்பாராம். "நாய்க்கு இடம் சொல்லிக் குடுக்கப்பிடாது. அது சொல்லுற இடத்துல நாம படுக்கணும்" என்றார். நாங்கள் டெண்டின் வாசலை வீட்டு விளக்குப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம், எங்களுக்கு வசதி என்று. காற்றும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது நல்ல காலம். அடுத்த ராத்திரி அம்புவை முதலில் நடக்கவிட்டு, அவள் நின்று பார்க்கிற பக்கமாக வாசலைத் திருப்பினோம். மோட்டார் அன்றும் கிளம்பியது. பட்டாணி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

தூங்கினோமா என்றால், அரைகுறைதான். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மனித மூளையில் ஒரு பாதி மற்றதைவிட லேசாகத்தான் தூங்குகிறது, சத்தத்துக்கு அது விழித்துக்கொள்கிறது. ஆக நாயைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. முதல் ராத்திரியை முழுதாகக் கழித்துவிட்டு, இரண்டாவது ராத்திரிக்கு நாள் இருக்கிற மாதிரி லீவு போடுங்கள். ஒரு ராத்திரி மட்டும் தங்கித் திரும்பினால் நாய்க்கு அதில் என்ன சுகம்?

குளிரைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மேல் அம்பு நடுங்க ஆரம்பித்தாள். கோலார் பக்கம் டிசம்பர் பின்னிரவு எங்களுக்கு ஒரு கம்பளியில் அடங்குகிற குளிர்தான். ஆனால் சிப்பிப்பாறைக்கு ரோமம் காகிதம் மாதிரி. அடியில் கொழுப்பும் இல்லை. தரை சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே ஃபோம் மெத்தை இல்லாமல் வேலைக்காகாது. அல்சூரில் எங்கள் தெரு தையல்காரர் பழைய சால்வையில் அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தார், அதைப் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. என் தூக்கப்பைக்குள் பின்புறமாக நுழைந்து, முழங்காலுக்குப் பின்னால் இடம் பிடித்தாள். பட்டாணிக்குத் தெருநாய் உடம்பு, இரட்டை ரோமம், ஜமக்காளத்திலேயே மல்லாந்து கிடந்தாள்.

விடிந்ததும் டெண்டின் உள்சுவர் பூராவும் ஈரம். மழை இல்லை, மூன்று மனிதரும் இரண்டு நாயும் விட்ட மூச்சு. வாசல் திறந்திருந்தே இவ்வளவு என்றால், இறுக்க மூடியிருந்தால் சொட்டியிருக்கும்.

காலையில் முதல் வேலை நாயைத் தடவிப் பார்ப்பது. காதுமடல், கக்கம், விரலிடுக்கு. கிளம்புவதற்கு முன்பே உண்ணி மாத்திரை கொடுத்திருந்தோம், அதனால் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு மட்டும். உண்ணியைவிட எனக்குப் பயம் ஊசிப்புல். காய்ந்த புல்லின் முள் விதை ஒரு திசையில்தான் நகரும், காதுக்குள்ளோ விரலிடுக்கிலோ ஏறினால் திரும்பி வராது, சீழ் கட்டும். பட்டாணியின் மடிந்த காதுக்குள் ஒன்று இருந்தது. பின்னங்காலில் நெருஞ்சி. மருந்துப் பெட்டியில் நல்ல இடுக்கி இல்லாமல் போகாதீர்கள். பக்கத்து ஊர் அரசுக் கால்நடை மருத்துவமனை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் எழுதி வைத்திருந்தோம். பாம்புக்கடி மாதிரிப் பெரிய ஆபத்து என்றால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிதான், நூறு கிலோமீட்டருக்குள் என்பதும் முல்பாகலைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

பகலில் முல்பாகல் போய் தோசை சாப்பிட்டோம். நெய்யில் முறுகி வருகிற அந்த ஊர்த் தோசையை ஆள் மாற்றி ஆள் போய்ச் சாப்பிட்டு வந்தோம், நாய்களைத் தனியாகக் காரில் விடுவதில்லை. டிசம்பர் வெயிலிலும் மூடிய கார் சீக்கிரம் கொதிக்கும். குருடுமலைப் பிள்ளையாரைப் பார்க்க அத்தையும் மனைவியும் போனார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற குழந்தைகளுக்கெல்லாம் கடிக்காது கடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டெண்டை வீட்டு மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், நாய் வாடையும் அதோடு சேர்ந்தால் அப்புறம் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மறுபடி அதே தோப்புக்கு இப்போது போக முடியாது. ஜனவரி பிறந்தால் மா பூக்கும், பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிப்பார்கள், நாய்களைக் கூட்டிவர வேண்டாம் என்று காவல்காரரே சொல்லிவிட்டார். அத்தை கோவில்பட்டிக்கே போகலாம் என்கிறார், அம்புவுக்கு அவள் ஊரைக் காட்ட வேண்டுமாம். 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரே ஓட்டத்தில் நாய்களால் முடியாது. நடுவில் இரண்டு ராத்திரி கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் எங்காவது தங்க வேண்டும். வேலி போட்ட தோட்டம், உள்ளே ஆள் குடியிருக்க வேண்டும், எலி மருந்து வைக்காதவர்களாக, அல்லது எடுத்து வைக்கச் சம்மதிக்கிறவர்களாக இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், வெயில் ஏறுவதற்குள், பிப்ரவரி நடுவுக்கு முன் கிளம்ப வேண்டும்.